இரண்டு கிலோ லித்தியமா, ஏழு கிலோ ஏ.ஜி.எம்.மா?

வாசகர் கேள்வி – வாகன மின்னமைப்புப் பொறியாளரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்: வாசகரிடம் இருப்பது 2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். எடை சுமார் 1,100 கிலோ. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போய்வர, மாதம் ஒருமுறை ரேஸ் டிராக்கில் ஓட்ட. சில மாதங்களில் பத்துப் பன்னிரண்டு நாள் வண்டி எடுக்கப்படாமலே நிற்கும். உள்ளே இருக்கும் 60 ஏ.எச். (ஆம்பியர்-அவர், கொள்ளளவின் அலகு) பேட்டரிக்கு வயது ஐந்து, எடை 15.5 கிலோ, தளர்ந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, ‘30 ஏ.எச். சமானம்’ என்று அச்சிட்ட 2.2 கிலோ லித்தியம் பேட்டரியை வாங்கி, டிக்கியில் பொருத்த நினைக்கிறார். நண்பரோ 7 கிலோ ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஈய-அமில பேட்டரி) போதும் என்கிறார். அதன்மேல் 680 என்று இருக்கிறது, பழையதில் 540தான், எனவே சின்னதே பலசாலி என்பது நண்பரின் வாதம். எதை வாங்குவது, பழைய சார்ஜரையே வைத்துக்கொள்ளலாமா, 25 சதுர மி.மீ. கேபிளை டிக்கிவரை இழுத்தால் போதுமா, பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் கண்காணிப்புச் சுற்று) இருந்தால் லித்தியத்துக்கு ஆபத்தே இல்லையா என்று கேட்கிறார். நடுவில் ஒரு வரியில், வண்டி நிற்கும்போதும் டேஷ்கேம் பதிவு செய்துகொண்டே இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நடுவில் ஒரு வரியாக எழுதினீர்களே, அந்த டேஷ்கேமிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய என்ன வேண்டும் என்றே கடிதம் முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அது இதில் எளிதான பகுதி. உங்கள் எஞ்சினைச் சுழற்ற 200 ஆம்பியர் வீதம் 2 விநாடி தேவை என்று வைத்துக்கொண்டால், செலவாவது 0.11 ஏ.எச். மட்டுமே. நல்ல நிலையில் முழு சார்ஜோடு இருந்தால், நீங்கள் சொன்ன இரண்டு பேட்டரிகளுமே அதைக் கொடுத்துவிடும். பேட்டரி எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: வண்டி எத்தனை நாள் சும்மா நிற்கிறது, எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

நிற்கும் வண்டி குடிக்கும் கரண்ட்

சாவியை எடுத்த பிறகும் அலாரம், சென்ட்ரல் லாக், ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டிருக்கும். 30 என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஏ.எச்., பன்னிரண்டு நாளில் 8.6 ஏ.எச். பார்க்கிங் நிலையில் ஓடும் டேஷ்கேம் 200 மில்லி ஆம்பியர் இழுத்தால், அது மட்டுமே நாளுக்கு 4.8 ஏ.எச். உங்கள் 60 ஏ.எச். பேட்டரி இத்தனை நாள் இதைச் சத்தமில்லாமல் தாங்கியிருக்கிறது. அது ஐந்து வருடத்தில் தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஏனென்றால் பாதி சார்ஜில் நாள்கணக்கில் நிற்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் லித்தியத்தின் உண்மையான கொள்ளளவு சுமார் 10 ஏ.எச். (எப்படி என்று கீழே சொல்கிறேன்). கேமராவோடு அது இரண்டாம் நாளே படுத்துவிடும். கேமராவைக் கழற்றினாலும் பன்னிரண்டாம் நாள் ஒன்றரை ஏ.எச்.கூட மிஞ்சாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் அளந்துவிடுங்கள். பானெட்டைத் திறந்துவைத்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள்; அப்போதுதான் கதவு திறந்திருந்தும் வண்டி மூடியதாக நினைத்துக்கொள்ளும். ரிமோட் சாவியைத் தள்ளி வையுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் தொடராக இணையுங்கள். இணைக்கும் கணத்தில் மாட்யூல்கள் விழித்து நிறைய இழுக்கும். எனவே ஒரு ஜம்பர் ஒயரை மீட்டருக்கு இணையாகப் போட்டுவைத்து, அரை மணி கழித்து அதை எடுத்தால் மீட்டரின் ஃப்யூஸ் பிழைக்கும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. 40 நிமிடம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால், ஃப்யூஸை ஒவ்வொன்றாக எடுத்து எது குடிக்கிறது என்று கண்டுபிடிப்பது பேட்டரி வாங்குவதைவிட அவசரமான வேலை. டேஷ்கேமை, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் லைனுக்கு மாற்றுங்கள். பார்க்கிங் பதிவு வேண்டும் என்றால் அதற்குத் தனியாகக் கிடைக்கும் சிறிய பேட்டரிப் பெட்டியில் ஓடட்டும்.

அட்டையில் உள்ள எண்கள்

உங்கள் நண்பர் ஒப்பிட்ட இரண்டு எண்களும் ஒரே சோதனையில் வந்தவை அல்ல. 540 என்பது ஐரோப்பிய முறைப்படியான சி.சி.ஏ. (குளிரில் ஸ்டார்ட் செய்யும் திறனின் அளவு) என்றால், −18 டிகிரி செல்சியஸில், 10 விநாடிக்குப் பிறகும் 7.5 வோல்ட்டுக்குக் குறையாமல் தந்த கரண்ட் அது. அமெரிக்க எஸ்.ஏ.இ. முறையில் அதே குளிரில் 30 விநாடி, 7.2 வோல்ட். இத்தகைய 7 கிலோ ஏ.ஜி.எம்.களில் பெரிதாக அச்சிடப்படும் 680 போன்ற எண்ணோ, வழக்கமான அறை வெப்பத்தில் 5 விநாடி மட்டும் தரும் பல்ஸ். அதே பேட்டரியின் சி.சி.ஏ.வைத் தேடிப் பார்த்தால் 200ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆரோக்கியமான 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு, கடுங்குளிர் இல்லாத இடத்தில், அதுவே போதும் என்பது வேறு விஷயம். நண்பரின் பரிந்துரை சரி, காரணம்தான் தப்பு.

லித்தியத்தின் ‘30 ஏ.எச். சமானம்’ இன்னும் மோசம். 30 ஏ.எச். ஈய-அமில பேட்டரி அளவுக்கு ஸ்டார்ட் செய்யும் என்பதே அதன் பொருள். உள்ளே 30 ஏ.எச். இருக்கிறது என்பதல்ல. உண்மையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உறையில் வாட்-அவர் என்று ஒரு எண் சிறிதாக இருக்கும். அதை 12.8 ஆல் வகுங்கள். 128 வாட்-அவர் என்றால் 10 ஏ.எச். அந்த எண்ணே இல்லாவிட்டால் தராசை நம்பலாம்: லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட் வகையில், உறையோடு சேர்த்துக் கிலோவுக்குச் சுமார் 100 வாட்-அவர் கிடைத்தாலே பெரிது. 2.2 கிலோவுக்குள் 30 ஏ.எச்., அதாவது 384 வாட்-அவர், அடங்காது. வாட்-அவரும் எழுதவில்லை, அதிகபட்ச சார்ஜ் கரண்ட்டும் எழுதவில்லை, யு.என். 38.3 (லித்தியம் பேட்டரிகளுக்கான பாதுகாப்பு) சோதனைச் சான்றும் இல்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

பி.எம்.எஸ். எதைச் செய்யாது

அது செல்களைக் காப்பாற்றும். உங்கள் காரைக் காப்பாற்ற அது வைக்கப்படவில்லை. நான்கு செல்களின் வோல்டேஜைக் கவனித்து, ஒன்று அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ சூடானாலோ இணைப்பைத் துண்டிக்கும். வண்டி நிற்கும்போது துண்டித்தால் தொல்லை அதோடு முடிந்தது: மல்டிமீட்டர் 0 காட்டும், பேட்டரி செத்துவிட்டது என்று நினைப்பீர்கள், லித்தியத்துக்கான சார்ஜரை மாட்டினால் விழித்துக்கொள்ளும். 5,000 ஆர்.பி.எம்.மில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆல்டர்னேட்டர் வேகமாகச் சார்ஜ் செய்யும் அந்த நேரத்தில் துண்டித்தால், பாய்ந்துகொண்டிருந்த கரண்ட் போக இடமின்றி வோல்டேஜ் எகிறும். ஆல்டர்னேட்டருக்குள் கட்டுப்படுத்தும் டயோடுகள் இருந்தால் 35 வோல்ட் அளவில் நிற்கும். பழைய ஆல்டர்னேட்டர் என்றால் அதற்கும் மேல் போகும். ஈ.சி.யு.வும் எல்.இ.டி. விளக்குகளும் இதைத் தாங்கினால் உங்கள் அதிர்ஷ்டம்.

இது நேராமல் பார்த்துக்கொள்ள, லித்தியம் போடும் முன் ஆல்டர்னேட்டரைச் சோதியுங்கள். எஞ்சின் சூடானதும் ஐடிலிலும் 3,000 ஆர்.பி.எம்.மிலும், விளக்குகள் எல்லாம் அணைத்த நிலையில், பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 14.8ஐத் தொட்டால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றாமல் லித்தியத்தை நினைக்காதீர்கள். இன்னொன்று சார்ஜ் கரண்ட். லித்தியத்தின் உள் மின்தடை குறைவு. காலியாக இருந்தால் ஆல்டர்னேட்டர் தரும் அத்தனையையும் விழுங்கும். 10 ஏ.எச். பேட்டரிக்குள் 80, 90 ஆம்பியர் பாய்வது அதன் வரம்பைத் தாண்டியது. ஐடிலில் குளிர்காற்று இல்லாமல் முழு மூச்சாக ஓடும் ஆல்டர்னேட்டருக்கும் அது கெடுதல். படுத்துவிட்ட லித்தியத்தை ஜம்ப் கொடுத்து எழுப்பி ஓட்டிச் சார்ஜ் ஏற்றும் பழக்கம் வேண்டாம்; வெளியே வைத்துச் சார்ஜ் செய்த பிறகு மாட்டுங்கள்.

வெப்பமும் உண்டு. இந்த லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரிதான் எல்லை. டிராக்கிலிருந்து வந்து பானெட்டை மூடி நிறுத்தினால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் அதைச் சுலபமாகத் தாண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். தீப்பிடிக்குமோ என்ற பயம் மட்டும் கொஞ்சம் மிகை: ஃபாஸ்ஃபேட் வகை, கைபேசிகளில் இருக்கும் கோபால்ட் வகையைவிட வெகு நிதானமானது. ஆனாலும் எலக்ட்ரோலைட் எரியக்கூடியதே. நசுங்கியதையும் உப்பியதையும் அந்தக் கணமே வண்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

டிக்கிக்கு மாற்றுவது

இங்கேதான் உங்கள் திட்டம் தன்னையே வெட்டிக்கொள்கிறது. டிக்கிக்கு மாற்றுவது கனமான பேட்டரிக்கு உண்டான வைத்தியம். 15.5 கிலோவை முன்னிருந்து 3 மீட்டர் பின்னே கொண்டுபோனால், 2.5 மீட்டர் வீல்பேஸும் 1,100 கிலோவும் உள்ள காரில் முன் அச்சு தாங்கும் எடைப் பங்கு 1.7 சதவீதம் குறையும். அது ஸ்டியரிங்கில் தெரியலாம். 7 கிலோவுக்கு 0.76 சதவீதம். 2.2 கிலோவுக்கு கால் சதவீதம்கூட இல்லை. அதற்காக நீங்கள் சேர்க்கப்போவது 5 மீட்டர் கேபிள், பெட்டி, பட்டைகள், போல்ட்டுகள். 50 சதுர மி.மீ. கேபிள் மட்டுமே ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பேட்டரியைவிட அதைத் தூக்கிப்போகும் சாமான் கனம்.

25 சதுர மி.மீ. கேபிள் போதாது என்பதற்குக் கணக்கு இது. செப்பின் மின்தடையை வைத்துப் பார்த்தால் 5 மீட்டருக்கு 3.4 மில்லி ஓம். 300 ஆம்பியர் பாயும்போது 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 35இல் 0.74 வோல்ட், 50இல் அரை வோல்ட். ஏற்கெனவே சின்ன பேட்டரி. அதிலும் 1 வோல்ட்டை இழந்தால் சூடான எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது திணறும். எர்த்தைப் பின்பக்கப் பாடியில் கொடுத்தால் மட்டும் போதாது; எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள பின்னல் பட்டையும் அதே கனத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் கேட்டும் மாற்றத்தான் போகிறேன் என்றால், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் பின்னிணைப்பு ‘ஜே’ சொல்வதைப் பின்பற்றுங்கள்: உலோக இருக்கை, மின்காப்பு உறையிட்ட இரண்டு உலோகப் பட்டைகள், குறைந்தது 10 மி.மீ. போல்ட்டுகள், ஒவ்வொரு போல்ட்டுக்கும் பாடியின் அடிப்பக்கத்தில் 3 மி.மீ. தடிமனும் 20 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடு. நைலான் பட்டையும் கேபிள் டையும் பேட்டரியைப் பிடித்துவைக்க அல்ல. மோதலின்போது 25 மடங்கு புவியீர்ப்பு விசையில் 7 கிலோ பேட்டரி 175 கிலோவாக இழுக்கும். பாசிட்டிவ் கேபிள் தகட்டைத் துளைத்து நுழையும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் குரோமெட். பெட்ரோல் குழாய்க்குத் தள்ளி. பேட்டரியை விட்டுக் கிளம்பியவுடன் ஒரு மெகா ஃப்யூஸ் (அதிகக் கரண்ட்டுக்கான பெரிய ஃப்யூஸ்). ஏ.ஜி.எம். வழக்கமாக வாயு விடாது. ஆனால் ரெகுலேட்டர் கெட்டு அதிகச் சார்ஜ் ஏறினால் அதுவும் ஹைட்ரஜனை வெளியேற்றும். டிக்கியிலிருந்து இருக்கைப் பகுதிக்குத் தடுப்பு இல்லாத காரில், வெளியே போகும் குழாயுள்ள பெட்டி வேண்டும்.

கில் ஸ்விட்ச் (அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுவதானால் இரண்டு முனை மட்டும் உள்ளது உதவாது. பேட்டரியை வெட்டினாலும் ஆல்டர்னேட்டர் எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும். இக்னிஷனையும் சேர்த்து வெட்டி, ஆல்டர்னேட்டரின் மிச்சக் கரண்ட்டை 3 ஓம், 11 வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு அனுப்பும் ஆறு முனை வகையை வாங்குங்கள்.

டிராக்கில் ஆல்டர்னேட்டர் நின்றால்

எரிபொருள் பம்ப் 7, இக்னிஷனும் இன்ஜெக்டரும் ஈ.சி.யு.வும் சேர்ந்து 8, ரேடியேட்டர் ஃபேன் 15 என்றால் மொத்தம் 30 ஆம்பியர். 16 ஏ.எச். ஏ.ஜி.எம். அந்த இழுப்பில் 20 நிமிடத்தைத் தாண்டாது, ஏனென்றால் 16 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. 10 ஏ.எச். லித்தியமும் கிட்டத்தட்ட அதே 20 நிமிடம்தான்; வேகமாக எடுத்தாலும் அதன் கொள்ளளவு அவ்வளவாகக் குறையாது. டிராக்கில் பிட்டுக்குத் திரும்ப இது தாராளம். இரவில் ஹெட்லைட்டும் எரிய நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது என்றால் யோசியுங்கள். பிட்டில் எஞ்சினை அணைத்த பிறகு ஃபேன் 5 நிமிடம் ஓடினால் ஒன்றேகால் ஏ.எச். போகிறது என்பதையும், சாவியைப் போட்டுவைத்தபடி லேப்டாப்பில் டேட்டா பார்க்கும் வழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

எதை வாங்கலாம்

உங்கள் பயன்பாட்டுக்கு 16 முதல் 18 ஏ.எச். வரையிலான 7 கிலோ ஏ.ஜி.எம்.மை, பழைய இடத்திலேயே பொருத்துவதுதான் என் பரிந்துரை. மிச்சம் எட்டரைக் கிலோ, ஏறக்குறைய பதினொன்றரை லிட்டர் பெட்ரோலின் எடை. லேப் நேரத்தில் அதைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள். டிராக் நாளில் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கிவைப்பது இதைவிட அதிகம் கொடுக்கும். நிபந்தனை ஒன்று: வண்டி நிற்குமிடத்தில் ப்ளக் பாயிண்ட் இருந்து, மூன்று நாளுக்கு மேல் நின்றால் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டனர் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும்.

ப்ளக் பாயிண்ட் இல்லை என்றால் இரண்டு வழி. உண்மையான 20 ஏ.எச்., அதாவது 256 வாட்-அவர் உள்ள லித்தியம் மூன்று, மூன்றரைக் கிலோவில் கிடைக்கும். பன்னிரண்டு நாள் நின்றாலும் பாதிக்கு மேல் மிஞ்சும், பாதியில் நிற்பது அதைக் கெடுக்காது. மேலே சொன்ன வோல்டேஜ், வெப்பம் இரண்டிலும் உங்கள் கார் தேற வேண்டும். இல்லாவிட்டால் 28 ஏ.எச். ஏ.ஜி.எம்.; எடை 11, 12 கிலோ, மிச்சமாவது மூன்றரை முதல் நான்கரை கிலோதான், ஆனால் கவலை இல்லாத வண்டி. 2.2 கிலோ லித்தியம் டிரெய்லரில் வந்து டிரெய்லரில் திரும்பும் ரேஸ் காருக்கு நல்ல தேர்வு. உங்களுக்கு அல்ல.

ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள காராக இருந்தால் இவை எதுவும் வேண்டாம். நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் பெட்டி இருந்தால், புதிய பேட்டரியின் வகையையும் கொள்ளளவையும் ஸ்கேன் டூல் மூலம் பதிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் 60 ஏ.எச். இருப்பதாக எண்ணிச் சார்ஜ் செய்யும்.

பழைய சார்ஜரைப் பற்றி: ஏ.ஜி.எம். நிலை இருந்தால் ஏ.ஜி.எம்.முக்கு வைத்துக்கொள்ளலாம். சல்ஃபேட் நீக்கும் நிலையோ ஈக்வலைஸ் (அதிக வோல்டேஜ் கொடுத்துச் செல்களைச் சமப்படுத்தும்) நிலையோ தானாக இயங்கும் சார்ஜரை லித்தியத்தில் மாட்டக் கூடாது. அது 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும்.

மாட்டும்போது, சின்ன பேட்டரிகளில் கூம்பு முனைக்குப் பதில் எம்6 திருகுதான் இருக்கும். பித்தளை அடாப்டர் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில், பெரும்பாலும் 5 முதல் 7 நியூட்டன் மீட்டரில், முறுக்குங்கள். அதிகம் போனால் உள்ளிருக்கும் மரை பிய்ந்து வரும். பழைய தட்டில் சின்ன பேட்டரி ஆடும், எனவே அதற்கேற்ற உலோகத் தாங்கி வேண்டும். பாசிட்டிவ் முனைக்கு மூடி போட்டுவிடுங்கள். உயரம் மாறுவதால் பானெட்டின் உட்புறம் தொடுகிறதா என்று களிமண் உருண்டை வைத்து மூடிப் பாருங்கள். முடிந்ததும் ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி முனைகளில் மீட்டர் வையுங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைக் குற்றம் சொல்லும் முன் ஸ்டார்ட்டர் முனையிலும் அளந்து பாருங்கள்: இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் கோளாறு கேபிளிலோ எர்த்திலோதான்.